மான் வண்டிகள் போன நாள்

பல் இரண்டையும் அவள் வாயில் பொருத்தி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவளுடைய போன். தலையணைக்கு அடியில் கிடந்தது.

அவர் உடனே எடுக்கவில்லை. பல் பதித்த தட்டு அண்ணத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தார். நோயில் ஈறு வற்றிப்போயிருந்ததால் பல் கொஞ்சம் ஆடியது. பட்டறையிலிருந்து துளி மெழுகு எடுத்து வந்து பின்பக்கம் ஒட்டி மறுபடியும் அழுத்தினார். ஆடவில்லை. உதடுகளைச் சேர்த்துவிட்டதும் முகம் பழைய முகமாகிவிட்டது. இனி ஆட்கள் வரலாம்.

தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்குப் பல் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. இந்த இரண்டு பல்லும் அவர் செய்தவைதான். அவள் வனத்துறையில் ரேஞ்சராகச் சேர்ந்த புதிதில் ஓடைக்கரையில் ஜீப் கவிழ்ந்து முன்பல் இரண்டும் போய்விட்டன. பல் கட்டிக்கொண்டு போன ஒரே வாரத்தில் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"சிரிச்சா கழண்டு விழுது."

"எவ்வளவு சிரிப்பீங்க?" என்று அவர் கேட்டார். தொழில்முறையாகத்தான் கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் பல் கழன்று மேஜைமேல் விழுந்து, அச்சுகளுக்கு நடுவே ஓடி ஒளிந்துகொண்டது. இருவருமாகத் தேடினார்கள். கல்யாணம் வரை போக அதற்கப்புறம் அதிக நாள் ஆகவில்லை.

போன் நின்று, மறுபடியும் அடித்தது. ‘டாக்டர் தம்பி’ என்று திரையில் வந்தது. அவள் நடத்தும் மான் திட்டத்தின் கால்நடை மருத்துவர். அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்காத பையன். வேலை முடிந்தால் இந்த வீட்டில்தான் சாப்பாடு. மகளைவிட அதிகமாக அவளிடம் திட்டு வாங்கியவன்.

"சார், மேடம்கிட்ட குடுங்க" என்றான் எடுத்த எடுப்பில். மூச்சு வாங்கியது. "ஏத்தியாச்சு சார். மூணு வண்டியும் ரெடி. ஒண்ணுக்குக்கூட அடிபடல. துணி மறைப்புக்குள்ள பூனைக்குட்டி மாதிரி வந்துச்சுங்க. கிளம்பட்டுமான்னு மேடம் ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் கட்டிலைப் பார்த்தார். ஜன்னல் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு, மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்தபோது, அவள் கண்ணைத் திறக்காமல் "வெயில் வந்துருச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்றார். "நல்லது" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

என்ன சொல்வது என்று அவர் யோசித்தார். யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகச் சொன்னது.

"தூங்கறா தம்பி. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஏத்தினதும் நிக்காம கிளம்பச் சொல்லிட்டுத்தான் படுத்தா."

"அப்படியா? சரி சார், எழுப்பாதீங்க. வண்டியில போன், பாட்டு, ஹாரன் மூணும் கூடாதுன்னு மேடம் உத்தரவு. எல்லார் போனையும் அணைச்சு வாங்கி வெச்சுட்டேன். என்னோடது மட்டும்தான் கையில இருக்கு. நானும் நடுவுல ஒரு தடவை போட்டுப் பேசறேன், அவ்வளவுதான்."

"வெயில் வரதுக்குள்ள போயிடுங்க."

"அப்படியே மேடம் மாதிரியே பேசறீங்க சார்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

திரும்பினால் கதவருகே மகள் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மா போன செய்தியை மாமாவுக்குச் சொல்லிவிட்டு வந்தவள்.

"அம்மா தூங்கறாங்கன்னா சொன்னீங்க?"

"மான் வண்டியில நிக்குதும்மா" என்றார். அதைவிடத் தெளிவாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு தேசியப் பூங்காக்களைச் சேர்த்து அரசாங்கம் நடத்தும் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவள் இயக்குநர். தெற்குப் பூங்காவில் மான்கள் பெருகித் தரை மொட்டையாகிவிட்டது. வடக்குப் பூங்காவில் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். மேய ஆளில்லாமல் புல் ஆளுயரம் நின்றது. இங்கிருந்து கொஞ்சத்தை அங்கே கொண்டுபோய் விடவேண்டும். சொன்னால் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அவள் எத்தனை ஆபீஸ் வாசல் ஏறி இறங்கினாள் என்பது அவருக்குத்தான் தெரியும். வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கட்டிலே ஆபீஸாகிவிட்டது. மறைப்புத் துணி பச்சையா சாம்பலா என்று ஒரு நாள் முழுக்கப் போனில் சண்டை. "உனக்கு ரெண்டு பூங்கா, எனக்கு ஒரு பட்டறை. நம்ம வீட்டை யாரு பாத்துக்கறதாம்?" என்று அவர் கேட்டிருக்கிறார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். மகளுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டதும் அவர்தான். இப்படி ஒரு கணக்கு தனக்குள் ஓடிக்கொண்டிருந்ததே என்று இப்போது நினைக்கக் கூச்சமாக இருந்தது.

அவளுடைய அண்ணன் வந்ததும் வீடு அவர் கைக்குப் போய்விட்டது. பந்தல் வாடகைக் கடை வைத்து நூறு சாவுகளையும் கல்யாணங்களையும் நடத்திப் பழகிய மனிதர். உள்ளே வந்தார், தங்கையின் நெற்றியில் கைவைத்து ஒரு நிமிஷம் குலுங்கினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், நாற்காலிகளை எங்கே போடுவது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். பக்கத்துல உக்காருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தார். வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள், எப்படி இருந்தாள் எப்படி ஆகிவிட்டாள் என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "முகம் என்ன தெளிவா இருக்கு, அப்படியே பேச வர மாதிரி" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து, கட்டில் காலைத் தொட்டது. அவர் கண் அதிலேயே இருந்தது.

வனத்துறை ஆட்கள் வந்தபோது கூட்டம் வழிவிட்டது. முன்னால் வந்தவர் துணை இயக்குநர். எதைப் பேசி முடித்தாலும் "இன்னொண்ணு" என்று ஒன்றைச் சேர்ப்பார் என்பதால் அவள் அவருக்கு ‘பின்குறிப்பு’ என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்குள் அந்தப் பெயர்தான். மலர்வளையத்தை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே அழுதார். பிறகு பல்செட்காரரின் காதருகே குனிந்தார்.

"சார், ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்."

தனியாகப் பேச வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் பட்டறைதான். சாத்திய கதவுக்குப் பின்னால், அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த பல்செட்டுகள் இருவரையும் பார்த்துச் சிரித்தன. பின்குறிப்பு அவற்றைப் பார்க்காதபடி திரும்பி நின்றுகொண்டார்.

"துறைச் செயலாளர் பேசினார் சார். ரொம்ப வருத்தப்பட்டார். மத்தியானம் நேர்லயே வராராம். திட்டத்து ஆளுங்க எல்லாரும் யூனிபார்ம்ல நிக்கணும்னார். அப்புறம், இந்த மான் விஷயம்... இயக்குநர் இறந்த அன்னிக்கு அதைச் செஞ்சா நல்லா இருக்காதாம். நடுவுல சோதனைச் சாவடியில வண்டிகளை நிறுத்திட்டு, ஆளுங்களை இங்க அனுப்பச் சொல்றார். மானை நாளைக்கு விட்டுக்கலாமாம். இன்னொண்ணு, அமைச்சரும் அப்ப வரலாம்னு நினைக்கறார் போல."

"நிறுத்தச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

பல்செட்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாகக் கால் வலித்தது.

"போன வருஷம் நீங்களும்தான அங்க இருந்தீங்க?"

பின்குறிப்பு மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். போன வருஷம், முதல் வண்டியை மேடை போட்டுக் கொடியசைத்து அனுப்புவது என்று ஏற்பாடு. கொடியசைக்க வேண்டியவர் தாமதமாக வந்தார். வந்தவர் பேசினார். மைக் சத்தம், கைத்தட்டல், உச்சி வெயில். வடக்குப் பூங்காவில் போய்க் கதவைத் திறந்தபோது பாதி மான்கள் நின்ற நெருக்கத்திலேயே செத்திருந்தன. பயத்தில் இதயம் நின்றுவிடுமாம், அடிகூடப் பட வேண்டாமாம். அன்று வீட்டுக்கு வந்தவள் தொட்டியடியில் நின்று கை கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அவர்தான் போய்க் குழாயை மூடினார்.

"மானுக்குத் தெரியாது சார், இவ செத்துப்போனது" என்றார். "துக்கம் நமக்குத்தான். அதுங்க பாவம், வண்டியில நிக்குது."

"எனக்குப் புரியுது சார். ஆனா உத்தரவு."

"எழுதிக் குடுத்தாரா?"

"போன்லதான்."

"சிக்னல் சரியா கிடைக்கலன்னு சொல்லுங்க."

பின்குறிப்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். ஓய்வு பெற அதிக நாள் இல்லாத மனிதர். ஒரு தடவைகூட மேலதிகாரியின் போனை எடுக்காமல் விட்டதில்லை என்று அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர் போன் அப்போதே ஒருமுறை அதிர்ந்து நின்றது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு யாரோ வேறொருவருடையதைத் தொடுவதுபோல அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார்.

"நான் இங்கயே கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார். "வெளிய நின்னா வேற யாராவது போனைக் குடுத்துப் பேசச் சொல்வாங்க."

"உக்காருங்க."

"இன்னொண்ணு. டாக்டர் தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஐயோ" என்றார் பின்குறிப்பு, மிக மெல்ல. "அவன் தாங்க மாட்டான் சார்."

அதை அவர் காலையிலிருந்து நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது அது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டைப் பையில் அவளுடைய போன் மறுபடி அடித்தபோது அவர் கட்டிலருகே இருந்தார். அழுகைக்கு நடுவே அது கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து பின்கட்டுக்குப் போனார். "இப்பக்கூட போனா?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"சார், மேடம் எழுந்துட்டாங்களா?" டாக்டர் தம்பியின் குரலில் காலையில் இருந்த துள்ளல் இல்லை. "ரெண்டாவது வண்டியில ஒரு பெட்டை படுத்துருச்சு. எழுந்திருக்க மாட்டேங்குது. மத்ததுங்க மிதிச்சிடுமோன்னு பயமா இருக்கு. நிறுத்தி இறக்கிப் பாக்கவா, இல்ல அப்படியே போயிடவா? மேடம்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சார், ப்ளீஸ்."

பின்கட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. கொடியில் அவளுடைய நைட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நேற்று அவர் துவைத்துப் போட்டது. அவருக்கு மானைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஈறு, எலும்பு, கடைவாய் அதெல்லாம் தெரியும். இவ்வளவு வருஷம் அவள் கூப்பிட்டும் ஒரு தடவைகூட அந்தப் பூங்காவுக்குப் போனதில்லை. எப்போதும் யாருக்காவது பல் கொடுக்க வேண்டியிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அங்கே சாலையில், ஓடும் வண்டிக்குப் பக்கத்தில், அவனுக்கு அது எப்படி இறங்கும் என்று நினைத்தார்.

"நீ என்ன நினைக்கற தம்பி?"

"நானா?"

"அவ இருந்தா... எழுந்திருந்தா முதல்ல அதைத்தான் கேப்பா. ‘டாக்டர் நீயா, நானா?’ம்பா."

மறுமுனையில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் நிதானமாகச் சொன்னான். "நிறுத்தக் கூடாது சார். நிறுத்தினா மிச்சமெல்லாம் மிரண்டுடும். ஒண்ணுக்காகப் பாத்தா எல்லாம் போயிடும்."

"அப்ப நிறுத்தாத."

"சரி சார்." ஒரு கணம் தயங்கினான். "மேடத்துக்கு ஒண்ணும் இல்லையே?"

"வலி இல்ல தம்பி" என்றார். அது பொய் இல்லை.

மத்தியானம் செயலாளர் வந்தார். பின்குறிப்பு பட்டறையிலிருந்து வெளியே வந்து, வண்டிகள் சாவடியைத் தாண்டிவிட்டதாகவும், போன் கிடைக்காமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். செயலாளரின் முகம் கறுத்தது. பத்துப் பேர் முன்னால் அவர் என்ன பேசிவிட முடியும்? மலர்வளையம் வைத்தார், படத்துக்கு நின்றார், பல்செட்காரரிடம், "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். போகும்போது பின்குறிப்பைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. பின்குறிப்பு அதை வாங்கிக்கொண்டு, ‘இன்னொண்ணு’ என்று எதையும் சேர்க்காமல் நின்றார்.

அதற்கப்புறம் மச்சான் எழுந்தார். "எடுத்துடலாமா?"

"மச்சான், சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்க முடியாதா?"

"யாரு வரணும் இன்னும்?"

"டாக்டர் தம்பி."

"வண்டி சொல்லியாச்சு மாப்பிள்ளை. மயானத்துல நமக்கு அடுத்து ரெண்டு பேர் காத்திருக்காங்க. இந்த வெயில்ல..." என்று அவர் முடிக்காமல் விட்டார். "சொந்தக்காரங்களே வந்தாச்சு. ஆபீஸ் பையன் ஒருத்தனுக்காகவா?"

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். மச்சான் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவர் எழுந்து, தூக்குவதற்காக மனைவியின் தலைமாட்டுக்குப் போனார்.

மயான வாசலில் தூக்கி இறக்கியபோது அந்தப் போன் அவர் நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்தது. வெகுநேரம் அதிர்ந்தது. தோளில் பாரம் இருந்தது, எடுக்கவில்லை. நின்றது. பிறகு அடிக்கவே இல்லை.

சாயங்காலம் வீடு காலியாகிவிட்டது. மச்சானின் ஆட்கள் நாற்காலிகளைச் சரக் சரக்கென்று ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார முடியாமல் மகள் கூடத்தைப் பெருக்கித் துடைத்திருந்தாள். ஈரம் இன்னும் பளபளத்தது. கட்டிலை எடுத்துவிட்ட இடம் ரொம்பப் பெரியதாக இருந்தது.

வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே நாற்காலி அடுக்கும் சத்தம் நின்றது. யாரோ ஏதோ கேட்டார்கள். யாரோ தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

டாக்டர் தம்பி உள்ளே வந்தபோது பூட்ஸோடு வந்தான். தலையெல்லாம் புழுதி. சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்ப சார்?"

"விடியறப்ப."

"நான் முதல்ல போன் பண்ணப்பவே..."

"ஆமா."

"பெட்டை படுத்துருச்சுன்னு கேட்டேனே, அப்பவும்?"

"ஆமா தம்பி."

அவன் சுவரில் சாய்ந்தான். கத்துவான் என்று அவர் நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை.

"சொன்னா நான் வண்டியை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு நினைச்சீங்களா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"வந்திருக்க மாட்டேன் சார்." அவன் குரல் உடைந்தது. "மேடம்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் வருவானா? ஓட்டிக்கிட்டுத்தான் போயிருப்பேன். ஆனா தெரிஞ்சு போயிருப்பேன். வழியெல்லாம் அழுதுக்கிட்டுப் போயிருப்பேன். அது என்னோடது சார். நான் பாட்டுக்கு அங்க எல்லாம் இறங்கினதும் பைத்தியம் மாதிரி ஆடினேன். டிரைவரைக் கட்டிப் பிடிச்சு..."

காலையிலிருந்து தான் செய்தது சரியென்றே நினைத்திருந்தார். இவ்வளவு பெரிய விஷயத்தில் இவனைத் தான் குறைவாக எடை போட்டுவிட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவன், "பரவாயில்ல சார்" என்று சொல்ல வேண்டிவரும். அதையும் அவன் தலையில் கட்டுவானேன் என்று கேட்கவில்லை.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்துக்கொண்டே நின்றான்.

"உக்காரு அண்ணா" என்றாள்.

சுவரோரமாகத் தரையிலேயே சரிந்து உட்கார்ந்தான். வெளியே லாரி கிளம்பிப் போனது.

"அந்தப் பெட்டை?" என்று அவர் கேட்டார்.

அவன் நிமிர்ந்தான். சொல்வானா மாட்டானா என்று தெரியவில்லை. பிறகு, அவரைப் பார்க்காமல், கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.

"கதவைத் திறந்ததும் மத்ததெல்லாம் ஒரே பாய்ச்சல்ல போயிடுச்சு. அது மட்டும் படுத்தே கிடந்துச்சு. போச்சுன்னு நினைச்சேன். கிட்டப் போகல, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தலையைத் தூக்குச்சு. எழுந்துச்சு. பலகையில வந்து நின்னு, அந்தப் புல்லைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு புல்லை அது பாத்ததே இல்ல போல. இறங்கி நடந்துதான் போச்சு, ஓடல. புல்லு மூடிடுச்சு. காது மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல."

கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

வாசலிலிருந்து சுவர் வரை, துடைத்த தரையில் அவன் பூட்ஸ் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. செம்மண். நடுநடுவே வைக்கோல் துணுக்கு, மிளகு உருண்டைபோல மான் புழுக்கை இரண்டு, நீண்ட புல் ஒன்று. மகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"விடும்மா" என்றார் அவர். "இருக்கட்டும்."

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.